முகம் தெரியாதவர்களுக்கு ஒரு கும்பிடு

1

தென்காசிக் கோயிலின் கல்லில் ஒரு ராஜா முன்பின் தெரியாத மனிதர்களின் காலில் விழுந்து கிடக்கிறார். சிலையாக இல்லை, பாட்டாக.

காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் பெயரால் அங்கே சில தமிழ்ப் பாடல்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் சாரம் இது: யாராக இருந்தாலும் சரி, இந்தக் கோயிலுக்கு வரக்கூடாத குறை ஒன்று வந்துவிட்டால், அந்த நேரத்தில் வந்து அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர்கள் எவரோ, அவர்களை உலகம் அறிய நான் இப்போதே வணங்கிவிட்டேன். இன்னொரு பாடல் இப்படிப் போகிறது: மனத்தால் எண்ணிப் பார்க்கவும் எட்டாத கோயில் இது, இறைவன் முன்னால் நின்று என்னை வேலை வாங்கிக்கொண்டான், இனி இதைக் காக்கும் பொறுப்பை ஏற்கப்போகும் அரசர்களின் பாதங்களை என் தலைமேல் தாங்கிக்கொண்டேன்.

இந்த எண்ணம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு கிடையாது. தமிழ்க் கல்வெட்டுகளைக் கொஞ்சம் புரட்டியவர்களுக்கு இது பழகிய வாசகம். பல்லவர் காலம் தொட்டு, விளக்கு எரிக்க ஆடு விட்டவரும் நிலம் எழுதிவைத்தவரும் கல்வெட்டின் கடைசி வரியில் இப்படி ஒன்றைச் சேர்ப்பார்கள். இந்த அறத்தைக் காத்தவர் பாதம் என் தலைமேல் என்று. அதன் மறுபக்கமும் உண்டு. இதைக் கெடுத்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்ற மிரட்டல். பெரும்பாலும் இரண்டும் சம்பிரதாயம்தான். இன்றைய ஒப்பந்தப் பத்திரத்தின் கடைசிப் பக்கம் மாதிரி. எழுதுகிறவரும் யோசிக்க மாட்டார், படிக்கிறவரும் யோசிக்க மாட்டார்.

பராக்கிரம பாண்டியன் அந்தக் கடைசி வரியை எடுத்து முதல் வரியாக்கினார். சம்பிரதாய வாசகத்தைப் பாட்டாக விரித்து, மிரட்டலை ஒதுக்கிவிட்டுக் கும்பிடை மட்டும் வைத்துக்கொண்டார். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

நான் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் திட்டம் போடும்போது யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. ஒன்றைக் கட்டி முடிப்பது அதன் ஆயுளில் சின்னப் பங்குதான். மிச்சக் காலம் முழுக்க அதை வேறு யாரோ பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேறு யாரோ யார் என்று கட்டுகிறவருக்குத் தெரியாது. தெரியாத அந்த ஆளிடம் எப்படிப் பேசுவது? பெரும்பாலானவர்கள் பேசுவதே இல்லை. பாண்டியன் பேசினார்.

2

புதிய ஊரில் புதிய கோயில் கட்டுகிறவர்கள் பொதுவாகப் பழைய இடத்தை இழந்தவர்கள்.

1311-ல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது. அதற்கு முன்பே அண்ணன் தம்பிச் சண்டையில் பாண்டிய அரசு பிளந்து கிடந்தது. பிறகு மதுரையில் சுல்தான்கள் சில பத்தாண்டுகள் ஆண்டார்கள். விஜயநகரத்துக் குமார கம்பணன் வந்து அவர்களை முடித்துவைத்தார். ஆனால் மதுரை பாண்டியர்களின் கைக்குப் பழையபடி திரும்பவில்லை. வைகைக் கரையிலிருந்து தெற்கே தள்ளித் தள்ளி, கடைசியில் மேற்குமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சங்கப் பாடல்களில் வரும் வம்சத்தின் கடைசி அத்தியாயம் பொதிகைச் சாரலில்தான் எழுதப்பட்டது. 1422-ல் பட்டத்துக்கு வந்தவர் பராக்கிரம பாண்டியன்.

அவர் வந்து சேர்ந்த இடத்தைப் பாருங்கள். மேற்கே ஆரியங்காவுக் கணவாய். அதன் வழியாகப் போனால் கொல்லம், கடல், மிளகு. கிழக்கே சிற்றாறு ஓடிப்போய்த் தாமிரபரணியில் சேரும் வயல்வெளி. ஆனியிலும் ஆடியிலும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் காய்ந்து கிடக்கும்போது இங்கே அதே கணவாய் வழியாகச் சாரல் வரும். வியாபாரப் பாதை, தண்ணீர், பின்னால் மலை. சின்ன ராஜ்ஜியத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு சாமி இருந்தார். ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் குற்றாலநாதர். ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகம், அங்குள்ள குறும்பலாவுக்குத் தனியாக ஒரு பதிகம் என்று பாடிவிட்டுப் போயிருக்கிறார். நடராஜரின் ஐந்து சபைகளில் சித்திர சபை அங்கே. அருவியும் பலாமரமும் சங்கு வடிவக் கோயிலுமாக, யாரும் திட்டம் போட்டு அமைத்ததாகத் தோன்றாத இடம் அது. மலையோடு மலையாக முளைத்தது மாதிரி இருக்கும்.

தென்காசிக்கு அந்த வசதி இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டப்படுகிற கோயில் பாடல் பெற்ற தலமாக முடியாது. பாடியவர்கள் போய்ச் சேர்ந்து எண்ணூறு வருஷம் ஆகிவிட்டது. தமிழ்ச் சைவத்தில் ஒரு கோயிலுக்குத் தேவாரம் இல்லை என்றால் அது வேர் இல்லாத மரம்தான். புதிய கோயிலுக்கு ஒரு பூர்வீகம் வேண்டும். அதை எங்கிருந்து கொண்டுவருவது?

காசியிலிருந்து.

கல்வெட்டு சொல்லும் காரணம் இது: விசுவநாதர் அரசரின் கனவில் வந்தார். வடகாசியில் தன் கோயில் சிதைந்து கிடப்பதாகவும், சித்திரா நதிக்கரையில் தென்காசியாகத் தனக்குக் கோயில் எடுக்கும்படியும் சொன்னார். சித்திரா நதி என்பது சிற்றாறுதான். வடக்கே காசிக் கோயில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இடிபடுவதும் எழும்புவதுமாக இருந்தது சரித்திரம். ஆக, இந்தக் கனவில் ஊர் இழந்த ஒரு சாமி ஊர் இழந்த ஒரு ராஜாவிடம் வந்து வீடு கேட்கிறார். கேட்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் ஒரே நிலைமை.

ஊரில் சொல்லும் கதை இன்னும் அழகு. எறும்புகள் சாரையாகப் போகும், அந்த வரிசையின் பின்னாலேயே போ, அது முடியும் இடத்தில் நான் இருப்பேன் என்றாராம் சாமி. ராஜா எறும்புக்குப் பின்னால் நடந்தார். சிற்றாற்றங்கரைச் செண்பகக் காட்டில் வரிசை முடிந்தது, அங்கே லிங்கம் இருந்தது. சிவகாசிக்காரர்கள் இதற்கு முந்தைய பாகத்தைச் சொல்லுவார்கள். ராஜா காசியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவரும்போது அதைச் சுமந்த மாடு அவர்கள் ஊரில் நின்றுவிட்டது, அதுவே சிவகாசி ஆனது என்று. இரண்டு கதையிலும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது ராஜா இல்லை. எறும்பும் மாடும். கணவாயையும் ஆற்றையும் கணக்குப் போட்டு இடம் பிடித்த ஒருவரைப் பற்றிய கதையில் அந்தக் கணக்கு மட்டும் காணாமல்போனது தற்செயல் கிடையாது. புதிய கோயிலுக்கு அதைக் கட்டியவரின் கைரேகை தெரியக் கூடாது. தெரிந்தால் அது வெறும் கட்டடம்.

3

கோயில் வேலை 1446-ல் தொடங்கியது. கோபுரத்துக்கு 1457-ல் கைவைத்தார்கள்.

நடுவில் பதினோரு வருடங்கள். கோயில் கட்டுவது என்றால் கல் அடுக்குவது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு ஊரையே கட்டுவது. கல் வெட்டுகிறவர்கள், சிற்பிகள், தச்சர்கள் வந்து தங்க வேண்டும். அவர்கள் சாப்பிட நெல் வர வேண்டும். கோயில் முடிந்த பிறகு அன்றாடப் பூசைக்கு அரிசி, எண்ணெய், பூ, சந்தனம் எல்லாம் எந்த வயலிலிருந்து வரும் என்று முன்பே எழுதிவைக்க வேண்டும். அர்ச்சகரும் மேளக்காரரும் ஓதுவாரும் குடியிருக்க வீடு வேண்டும். தேர் திரும்பும் அளவுக்குத் தெரு அகலம் வேண்டும். அதனால்தான் நம் கோயில் ஊர்களின் வரைபடம் எல்லாம் நடுவில் ஒரு சதுரமும் அதைச் சுற்றித் தேரோடும் வீதிகளுமாக இருக்கின்றன. ஊருக்குள் கோயில் வந்தது என்பதைவிடக் கோயிலைச் சுற்றி ஊர் படிந்தது என்பதே சரி.

உள்ளே முன்மண்டபத்துத் தூண்களைப் பார்த்தவர்களுக்கு அங்கே செலவழிந்த உழைப்பு புரியும். வீரபத்திரர், ரதி, மன்மதன், ஆடும் சிவன், எதிரே காளி என்று ஆள் உயரத்துக்கு மேல் எழும் சிற்பங்கள். தூணும் சிலையும் ஒரே கல். ஒரு கை உடைந்தால் முழுத்தூணும் வீண்.

கோபுரம் வேறு சமாசாரம். தமிழ்நாட்டுக் கோபுரங்களை வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே கல் மாதிரி தோன்றும். பெரும்பாலும் அடிப்பகுதி மட்டும்தான் கருங்கல். மேலே போகப்போகச் செங்கல், சுண்ணாம்பு, சுதை. உள்ளே ஒவ்வொரு நிலைக்கும் மர உத்தரங்களும் பலகைகளும். எல்லாவற்றையும் கல்லில் எழுப்பினால் பாரம் தாங்காது. அதனால் கோபுரம் என்பது கனமான கல் பெட்டியின் மேல் நிற்கும் இலகுவான செங்கல் கூடு. உயரத்துக்கு இது அருமையான தீர்வு. ஆனால் மரம் எரியும். சுதை பெயரும். செங்கல் இடுக்கில் ஆலவிதை விழுந்தால் முப்பது வருஷத்தில் சுவரைப் பிளக்கும். கல் பகுதிக்கு ஆயிரம் வருஷம், மேல் பகுதிக்கு யாராவது பார்த்துக்கொள்ளும் வரை. இரண்டு வெவ்வேறு ஆயுள்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தியதுதான் கோபுரம்.

தென்காசியில் இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. கணவாயிலிருந்து வரும் காற்று அந்த வாசலில் ஆளைத் தள்ளும். வேட்டி நிற்காது. சாரல் காலத்தில் ஒன்பது நிலைக் கோபுரம் அந்தக் காற்றையும் ஈரத்தையும் மின்னலையும் தனியாக வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

கல் அடுக்கும் இடத்தில் தினமும் நின்ற அரசருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. வரக்கூடாத குறை வந்தால் என்று அவர் பாடியதை நான் அடக்கமாகப் பார்க்கவில்லை. கட்டடத் தொழில் தெரிந்தவரின் கணிப்பாகப் பார்க்கிறேன். குறை வரும். எப்போது என்பது மட்டும்தான் தெரியாது.

அதோடு அரசியல் கணிப்பும் இருந்தது. மதுரையை இழந்த வம்சம், தன் கோயிலை என் சந்ததி காக்கும் என்று எழுத முடியாது. எத்தனை பெரிய வம்சமும் போய்விடும் என்பதற்கு அவர்களே சாட்சி. மிரட்டவும் முடியாது. சாபம் போட ஓரளவு பலம் வேண்டும். மிச்சமிருந்தது கும்பிடு ஒன்றுதான். அதையும் பணிந்து கெஞ்சுவதாக வைக்காமல், முன்கூட்டியே செலுத்திவிட்ட கடனாக வைத்தார். நான் வணங்கிவிட்டேன் என்று இறந்தகாலத்தில் சொன்னார். இனி மறுப்பதற்கு வழியில்லை. ஒரு ராஜா ஏற்கெனவே உங்கள் காலைத் தொட்டாயிற்று.

1463-ல் அவர் இறந்தார். கோபுரம் முடியவில்லை. தம்பி குலசேகர பாண்டியன் வேலையைத் தொடர்ந்து முடித்ததாகச் சொல்கிறார்கள். முதல் கும்பிடு வீட்டுக்குள்ளேயே பலித்தது. அரசர் இறந்ததற்கு அதே கோயிலில் ஒரு கையறுநிலைப் பாட்டும் இருக்கிறது. அவர் எங்கே போனார் என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கும் பாட்டு. அறுபத்துமூவர் கூட்டத்துக்கா, வெள்ளிமலைக்கா, பொன்னம்பலத்துக்கா, வேதத்துக்குள்ளா, சிவலோகத்துக்கா, விசுவநாதர் பாதத்துக்கா? பதில் இல்லாமலேயே முடிகிறது. தேவாரம் கிடைக்காத கோயிலுக்குக் கடைசியில் அதைக் கட்டியவரும் அவரை இழந்தவர்களுமே பாட்டு எழுதிவிட்டார்கள்.

4

பின்னால் வந்த தென்காசிப் பாண்டியர்கள் இன்னும் ஒன்றரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தார்கள். மேற்கே திருவிதாங்கூர், வடக்கே விஜயநகரம். ஒருவர் தள்ளுவார், இன்னொருவர் தாங்குவார். 1530-களில் திருவிதாங்கூரிடம் நாட்டை இழந்த ஸ்ரீவல்லப பாண்டியனுக்கு அச்சுததேவராயரின் படை வந்து அதை மீட்டுக்கொடுத்தது. அவருடைய பட்டப்பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்: இறந்தகாலம் எடுத்தவன். போன காலத்தைத் திரும்ப எடுத்தவன் என்று பொருள். கடன்வாங்கிய படையோடு கிடைத்த வெற்றிக்கு இவ்வளவு பெரிய பட்டமா என்று சிரிக்கலாம். ஆனால் அந்த வம்சம் முழுக்கச் செய்துகொண்டிருந்த வேலைக்கு இதைவிடச் சரியான பெயர் கிடையாது.

நிலம் சுருங்கச் சுருங்க அவர்கள் எழுத்துக்குள் போனார்கள். 1564-ல் பட்டத்துக்கு வந்த அதிவீரராம பாண்டியனை நமக்கு ராஜாவாகத் தெரியாது. நைடதம் பாடியவராக, வெற்றிவேற்கை எழுதியவராகத் தெரியும். காசி காண்டத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். கனவில் காசி கேட்ட கோயிலின் ஊரில், நூறு வருஷம் கழித்து, காசியின் புராணம் தமிழில் வந்தது. உறவினரான வரதுங்கராம பாண்டியனும் புலவர், பிரமோத்தர காண்டம் பாடியவர். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு இந்த வம்சம் ஆவணங்களிலிருந்து மறைகிறது.

அதன்பின் நாயக்கர்கள், பாளையக்காரர்கள், ஆற்காட்டு நவாப். 1801-ல் திருநெல்வேலிச் சீமை முழுதும் கும்பினிக்குப் போனது. 1817-ல் சென்னை மாகாணத்தில் ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கோயில் சொத்துகளின் மேற்பார்வை இனி வருவாய் வாரியத்துக்கு. அதாவது பராக்கிரம பாண்டியன் யாருடைய பாதத்தைத் தலையில் வைத்தாரோ, அந்தக் காவல் பூண்ட அரசரின் இடத்தில் இப்போது ஒரு வியாபாரக் கம்பெனியின் கலெக்டர் உட்கார்ந்திருந்தார்.

1824-ல் அந்தக் குறை வந்தது. கோபுரம் தீயில் சிதைந்தது. இடி விழுந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம், வேறு கதைகளும் உண்டு. மேல் பகுதி போனது, கல் பகுதி நின்றது. மேலே சொன்ன இரண்டு ஆயுள்களும் அன்றைக்குப் பிரிந்தன.

அதற்குப் பிறகு 166 வருஷம் தென்காசியில் கோபுரம் இல்லை. கும்பினி போனது, ராணி ஆட்சி வந்தது. கோயில் நிர்வாகத்திலிருந்து அரசாங்கம் விலகிக்கொண்டு 1863 சட்டப்படி தர்மகர்த்தாக்களிடம் கொடுத்தது. பிறகு அறநிலைய வாரியம் வந்தது, அது அறநிலையத் துறை ஆனது. 1903-ல் ரயில் வந்தது. சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் தென்காசியில் இறங்கி, மொட்டையாக நிற்கும் வாசலைப் பார்த்துவிட்டு அருவிக்குப் போனார்கள். ஐந்தாறு தலைமுறைக்குக் கோபுரம் என்பது தாத்தா சொன்ன விஷயம். பாட்டு மட்டும் கல்லில் அப்படியே இருந்தது, வரப்போகிறவரை வணங்கியபடி.

5

இந்தக் கதை தென்காசிக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம்.

1839-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. மார்மன்கள் என்று மற்றவர்கள் அழைத்த புதிய கிறித்தவப் பிரிவினர். மிசூரி மாகாணத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டவர்கள். சதுப்பு நிலத்தைத் திருத்தி ஊர் கட்டி, நாவூ என்று பெயர் வைத்தார்கள். 1841-ல் கோயிலுக்கு அடிக்கல் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடும் ஆலயம் அவர்களுக்கு வேறு. கோயில் என்பது வாழ்நாள் சடங்குகளுக்கும் இறந்த முன்னோர்களுக்காகச் செய்யும் சடங்குகளுக்குமான தனி இடம். 1844-ல் அவர்களுடைய தலைவர் ஜோசப் ஸ்மித் சிறையில் கும்பலால் கொல்லப்பட்டார். இருந்தும் கட்டி முடித்தார்கள். 1846-ல், தென்காசிக் கோயில் தொடங்கிச் சரியாக நானூறு வருஷம் கழித்து, பொதுவாக அர்ப்பணித்தார்கள். அதற்குள் பாதிக்கு மேல் ஊர் காலியாகிவிட்டது. மறுபடி துரத்தப்பட்டு மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். கைவிட்டுப் போகப்போகிறோம் என்று தெரிந்தே கட்டி முடித்த கோயில். 1848-ல் யாரோ தீவைத்தார்கள். 1850-ல் சூறாவளி மிச்சத்தைத் தள்ளியது.

அவர்கள் பாலைவனத்துக்குப் போய் சால்ட் லேக் நகரைக் கட்டினார்கள். அங்கே தெருக்களுக்குப் பெயரே கோயிலிலிருந்துதான். கோயிலுக்குக் கிழக்கே எத்தனையாவது, தெற்கே எத்தனையாவது என்று எண்ணி முகவரி போடுவார்கள். நம்ம சன்னதித் தெரு, ரத வீதி கணக்குதான், எண்ணால் எழுதியது. அந்தக் கோயில் 1853-ல் தொடங்கி 1893-ல் முடிந்தது. நாற்பது வருஷம். தொடங்கிவைத்த பிரிகாம் யங் 1877-லேயே இறந்துவிட்டார். நடுவில் அமெரிக்க ராணுவம் வருகிறது என்று கேள்விப்பட்டு அடித்தளத்தை மண்ணால் மூடி உழுத வயல் மாதிரி ஆக்கிவைத்தார்கள். மறுபடி தோண்டியபோது சில கற்கள் விரிசல் விட்டிருந்தன. எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். 2019 கடைசியில் நிலநடுக்கத்தைத் தாங்கும்படி அடித்தளத்தைப் பலப்படுத்தக் கோயிலை மூடினார்கள். மூன்றே மாதத்தில் ஊரில் நிலநடுக்கம் வந்து, உச்சியில் இருந்த தேவதூதர் சிலையின் கையிலிருந்த எக்காளம் கீழே விழுந்தது. காத்திருந்த மாதிரி.

எரிந்த நாவூ கோயிலை அதே இடத்தில், பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுப்பி 2002-ல் அர்ப்பணித்தார்கள். எரிந்து 154 வருஷம் கழித்து. நதிக்கரை, ஊர் இழந்தவர்கள், முடிவைப் பார்க்காத தலைவர், தீ, நூற்றைம்பது வருஷ வெறுமை, மறுபடி எழுந்தது. பெயர்களை மாற்றினால் தென்காசி.

இப்போது அதே சபை இந்தியாவில் முதல் கோயிலுக்குப் பெங்களூரைத் தேர்ந்தெடுத்தது. 2018 ஏப்ரலில் அறிவித்து, 2020 டிசம்பர் 2-ல், கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே, மண்வெட்டி போட்டார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களால் வீங்கிக்கொண்டே போகும் ஊரில், எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம் தனக்கென்று ஒரு மையத்தை நடுகிறது. ராஜா இல்லை, செண்பகக் காடு இல்லை. பட்டாவும் கட்டட அனுமதியும் வரைபடமும் இருக்கின்றன. ஆனால் கேள்வி பழையது: நம்மைத் தெரியாத ஊரில், நாம் போன பிறகு, இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

6

யாராக இருந்தாலும் என்ற சொல்லுக்குத் திரும்புவோம். அது எளிதான சொல் கிடையாது.

ஒரு பாட்டில் பாண்டியன் அரசர்களை வணங்குகிறார். அதில் வியப்பில்லை, அரசர் அரசரைத்தான் கற்பனை செய்வார். இன்னொரு பாட்டில் யாராயினும் என்று கதவைத் திறந்துவிடுகிறார். அந்தக் கதவு வழியாக யார் யார் வரலாம் என்று அவர் யோசித்திருப்பாரா? பதினைந்தாம் நூற்றாண்டின் கோயிலில் யார் எதுவரை வரலாம் என்பது சாதிப்படி வகுக்கப்பட்டிருந்தது. கோயிலின் கல்லைச் சுமந்தவர்களில் எத்தனை பேர் கும்பாபிஷேகத்துக்குப் பிறகு உள்ளே போயிருக்க முடியும் என்று கேட்டால் பதில் சங்கடமானது.

அதே ராஜாவின் கதையோடு பிறந்த சிவகாசியில், விசுவநாதர் கோயிலுக்குள் நுழையும் உரிமையை நாடார்கள் கேட்டார்கள். அந்தத் தகராறு முற்றி 1899-ல் பெரும் கலவரம் ஆனது. ஊர் தாக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கமுதிக் கோயிலில் நுழைந்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு உரிமை இல்லை என்றே தீர்ப்பானது. 1939-ல்தான் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். பாண்டியர்கள் இழந்த மதுரையில்.

1990-ல் தென்காசிக் கோபுரம் மறுபடி எழுந்தது. ஒன்பது நிலை, சுமார் 178 அடி. ஊர் கூடிச் செய்த அந்தத் திருப்பணியில் முன்னால் நின்றவர் தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தன். நாடார் சமூகத்தில் பிறந்தவர். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து மாவட்டத்தில் அதே சாமியின் வாசலில் அடித்து விரட்டப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் வந்து, பாண்டியன் கோபுரத்தின் குறையை நீக்கினார். பாட்டின்படி பார்த்தால் அந்த ராஜா அவர் காலில் 1463-க்கு முன்பே விழுந்துவிட்டார். எழுதிய காலத்துக்கும் எழுதியவரின் உலகத்துக்கும் அடங்காமல் பாட்டு எங்கேயோ போய்விட்டது.

மார்மன்களிடமும் இப்படி ஒன்று உண்டு. ஊர் ஊராகத் துரத்தப்பட்டு, சொந்தக் கோயில் எரிவதைப் பார்த்தவர்கள், கறுப்பினத்தவரைத் தங்கள் கோயில்களின் முக்கியச் சடங்குகளிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் விலக்கிவைத்தார்கள். 1978 ஜூனில்தான் அந்தத் தடை விலகியது. விரட்டப்பட்டவர்கள் வாசலைக் கட்டியதும், அடுத்து விரட்டுவதற்கு ஆள் கிடைத்துவிடுகிறது. புதிய கோயில் கட்டுகிற எல்லாருக்கும் இந்தச் சோதனை வரும். வரைபடம் போடும்போதே முடிவாகிவிடுகிற விஷயம் இது. வாசலின் அகலம் அடியில் மட்டும் அளக்கப்படுவதில்லை.

பராமரிப்பில் இருக்கும் நியாயம் எனக்கு இங்கேதான் பிடிபடுகிறது. கட்டுவது பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர்களின் வேலை. பெயர் வெட்டிக்கொள்வார்கள். காப்பது அப்படிக் கிடையாது. செங்கல் இடுக்கில் முளைத்த செடியைப் பிடுங்குகிறவர், சுதைக்கு வண்ணம் பூசச் சாரத்தில் ஏறுகிறவர், உண்டியலில் பத்து ரூபாய் போட்டுவிட்டுப் போகிறவர், கணக்கு சரியில்லை என்று மனுப்போடுகிறவர். இவர்கள் யாரும் அரசர்கள் இல்லை. ஒரு கட்டடம் யாருக்குச் சொந்தம் என்பது மெதுவாக, தலைமுறை தலைமுறையாக, இவர்களால்தான் மாற்றி எழுதப்படுகிறது.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகர் ஆனது. பராக்கிரம பாண்டியனுக்குப் பிறகு அந்த ஊருக்குக் கிடைத்த பெரிய பதவி என்று சொல்லலாம். கலெக்டர் அலுவலகம், புதிய பேருந்துத் தடங்கள், மனைப்பிரிவுகள் என்று ஊர் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2025 ஏப்ரல் 7-ல் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. அதற்குச் சில நாள் முன்பு, திருப்பணி சரிவர முடியவில்லை என்று சொல்லி ஒரு வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. குடமுழுக்கு நேரத்தில் இப்படி ஒரு வழக்கா என்று ஊரில் சிலருக்கு வருத்தம் இருந்திருக்கும். பாண்டியனின் பாட்டைப் படித்தவருக்கு அதில் அபசகுனம் தெரியாது. குறை இருக்கிறதா இல்லையா என்று யாரோ இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர் வணங்கியது அந்தப் பார்வையை.

கோபுரத்தின் மேல் பகுதிக்கு இன்றைக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. கீழே கல்லுக்கு ஐந்நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. காற்று அதே கணவாயிலிருந்து வருகிறது. என்றைக்காவது மறுபடி ஒரு குறை வரும். அப்போது வரப்போகிறவர் யார், எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் கடவுளை நம்புகிறவர், நம்பாதவர் என்பது யாருக்கும் தெரியாது. கும்பிடு மட்டும் தயாராக இருக்கிறது.